கம்பாலாவுக்கு வருகிற சொந்தங்கள் கவனத்துக்கு

1

என்னை யாரோ டாக்டர் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருவராவது போன் செய்துவிடுகிறார். போன வாரம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒருவர்: "பையன் காங்கோவுல வேலைக்குச் சேர்றாம்மா. கொசுவுக்கு இன்னா மாத்திரை குடுத்து அனுப்பறது?" நேற்று செவிலிமேட்டிலிருந்து ஓர் அம்மாள்: "உங்க ஊருக்குத்தான் சுத்திப் பார்க்க வர்றோம். இங்கேருந்து கொசுவத்தி ரெண்டு டஜன் எடுத்துக்கினு வரட்டா?"

கொசுவத்தி இங்கேயும் கிடைக்கிறது அம்மா. நல்ல வடகமாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள்.

நான் டாக்டர் இல்லை. உகாண்டாவின் தலைநகரான இந்தக் கம்பாலாவில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவள். என் கணவர் பிஸ்கட் ஆலையில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். வந்து பதினாறு வருடம் ஆகிறது. மலேரியா விஷயத்தில் எனக்கு இந்தப் பெயர் கிடைத்தது என் அக்கா விமலாவால். அந்தப் பெயரைச் சம்பாதித்ததில் அக்காவையே பறிகொடுத்துவிடுவேனோ என்று இருந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன், எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எங்களைப் பற்றி. நாங்கள் தமிழ்ச் சமணர்கள். ஊரில் நயினார் என்பார்கள். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலம், நெல் மண்டி என்று இருக்கிற கூட்டம். எறும்பைக்கூட மிதிக்காமல் ஒதுங்கிப் போவோம். சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். சென்னையில் வேலை பார்த்தபோது அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறு மணிக்கு டிபன் டப்பாவைத் திறந்தால் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்.

கம்பாலாவில் அந்தத் தொல்லை இல்லை. பூமத்திய ரேகை பக்கத்திலேயே போகிறது. வருடம் முழுக்கச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் மறைகிறது. பத்து இருபது நிமிடம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஆறு மணிக்குச் சாப்பாடு. ஆறரைக்கு ஜன்னல்களைச் சாத்துவது. அதற்குள் முழுக்கைச் சட்டை, காலுறை, கையிலும் கழுத்திலும் கொசு விரட்டும் களிம்பு. இது எங்கள் வீட்டின் அன்றாட வழிபாடு மாதிரி ஆகிவிட்டது. மலேரியாக் கொசு பொழுது சாய்ந்த பிறகு கிளம்பி விடியும்வரை கடிக்கிற கொசு. அது சாப்பிட வருவதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறோம். முன்னோர்கள் யாரும் மலேரியாவை நினைத்து இதை வைக்கவில்லை என்றாலும் எனக்கு இதில் ஒரு பெருமைதான்.

என் மகள் ஜினமதி இங்கேயே பிறந்தவள். பதினான்கு வயது. வீட்டில் ஜினு. கொசுவுக்கு அவள் வாயில் 'என்சிரி' என்றுதான் வரும். இந்த ஊர்ப் பாஷை அது. தமிழில் பேசச் சொன்னால் தலைவலி என்பாள். மலேரியா என்பது அவளுக்கு நமக்கு ஜலதோஷம் மாதிரி. "டீச்சருக்கு மலேரியா, வியாழக்கிழமை வந்துடுவாங்க" என்பாள். யாருக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டாலும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: "டெஸ்ட் பண்ணாங்களா?" இந்த ஊரில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கும். ஐயோ பாவம், கஷாயம் குடுத்தீங்களா என்கிற நம் விசாரணையெல்லாம் இவர்களுக்குக் கிடையாது.

3

அக்காவும் மாமாவும் வருவதாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறை. அடுத்த வாக்கியத்திலேயே அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாருக்கும் தெரியக்கூடாது சாந்தி. பெங்களூரு போறோம்னுதான் சொல்லியிருக்குது."

அக்கா மகள் பிரபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். கம்பாலாவில் எங்கள் ஆட்களில் கல்யாண வயதில் பையன் இருக்கிற வீடு ஒன்றே ஒன்று: முயேங்கா குன்றில் இருக்கும் ராஜுலா அம்மா வீடு. விமலா கம்பாலாவுக்குப் போகிறாள் என்று தெரிந்தால் எதற்கு என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எங்கள் ஜனம் கையளவுதான். ஒரு வீட்டில் சம்பந்தம் பேசி முறிந்தால் எல்லா ஊரிலும் அதுதான் ஒரு மாதத்துக்குப் பேச்சு. பிரபாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஆயிற்று. நிச்சயத்துக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்து, பிறகு நின்றுபோய், அந்தப் பெண் ஒரு வருடம் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. "அடுத்த தடவை முடிவாகற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. என் தலைமேல கை வச்சு சொல்லு" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அக்காவும் கை வைத்துச் சொல்லியிருக்கிறாள்.

நான் சொன்னேன், சரி, யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மலேரியாவுக்கு மாத்திரை வாங்கிக்கொள்ளாமல் வராதே என்று.

"அதான் ஊசி போட்டுக்கினோமே. மஞ்சக் கார்டுகூட குடுத்தாங்க."

இங்கே எல்லோரும் கவனிக்க வேண்டும். அந்த ஊசி மஞ்சள் காய்ச்சலுக்கு. அந்த அட்டை இல்லாவிட்டால் இந்த நாட்டுக்குள் விட மாட்டார்கள். திரும்பும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் கேட்பார்கள். மலேரியா வேறு. அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று எந்த விமான நிலையத்திலும் எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அதிகாரி கேட்காத ஒன்று அவசியமில்லாதது என்பது நம்மவர்களின் முடிவு. அட்டையைப் பத்திரமாக நெகிழி உறையில் போட்டு வைப்பார்கள், மாத்திரையை மறந்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. காஞ்சிபுரத்துக்காரர்களிடம் கொசுவைப் பற்றிப் பேசவே முடியாது. கொசுவென்றால் எங்களுக்கு யானைக்கால். ஒரு காலத்தில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வோம், சிரிப்போம், அலமாரியில் தீர்த்தங்கரர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். "நம்மூரு கொசுவுக்கே ஒண்ணும் ஆகல, ஆப்பிரிக்கா கொசு இன்னா பண்ணிடும்?" என்று மாமாகூடக் கேட்டார். மாமா மண்டிக்காரர், எதையும் பேரம் பேசுவார். அது வேறு நோய் மாமா, நம் ஊர்க் கொசு கடித்து வளர்ந்தது இதற்குக் கவசம் ஆகாது என்று தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னேன். கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கினார்கள். தினம் ஒன்று. கிளம்புவதற்கு முந்தைய நாள் தொடங்கி, இங்கே இருக்கும்வரை, திரும்பிப் போன பிறகும் நான்கு வாரம். அக்கா அந்த டாக்டரிடம், உறை போட்டதெல்லாம் வேண்டாம், அந்த உறையை எந்தப் பிராணியின் எலும்பில் செய்கிறார்களோ, வில்லையாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த அளவுக்குக் கவனமானவள்.

4

இங்கே இருந்தவரை அக்கா மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. சாயங்காலச் சாப்பாட்டோடு ஒன்று, நிறையத் தண்ணீர், விழுங்கியதும் படுக்கக் கூடாது. ஆறு மணிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு சிரமமே இல்லை.

தகராறு கொசுவலையில் வந்தது. "இதுல மருந்து போட்டிருக்குதா?" என்று கேட்டாள். போட்டிருக்கிறது, பட்டால் கொசு செத்துப்போகும் என்றேன். வலையைவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டாள். "நான் தூங்கறதுக்கு அதுங்க சாவணுமா?" சாகாவிட்டால் நீ சாவாய் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு கடைக்குப் போய் மருந்து போடாத வலை வாங்கி வந்தேன். ஓட்டையில்லாமல் பார்த்து, நாலு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகினால் அதுவும் காப்பாற்றும். அதற்கும் உயிர், நமக்கும் உயிர்.

பையன் வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் எல்லாம் தலைகீழாயிற்று. அக்கா அரக்கு நிறப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது களிம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஐய, கிட்ட வராதே! எண்ணெய்ப்பசை பட்டா ஜரிகை கறுத்துடும்."

"கையில, கழுத்துல மட்டும் தடவுக்கா."

"கழுத்துல தடவினா முந்தியில படாதா? பட்டு விக்கிற ஊர்லேருந்து வந்துட்டு, கறை பட்ட புடவையோட சம்பந்தி வீட்டுக்குப் போறதா? சும்மா இரு சாந்தி."

காஞ்சிபுரத்துப் பெண்கள் ஜரிகைமேல் சென்ட்கூட அடிக்க மாட்டார்கள். எனக்கும் அது தெரியும், நானும் அந்த ஊர்தானே. விட்டுவிட்டேன்.

ராஜுலா அம்மா தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியும். பையன் ஜீவா கூச்சப்படாமல் பேசினான். பிரபாவோடு வீடியோவில் பேசவைத்தார்கள். இரண்டும் சிரித்துக்கொண்டே இருந்தன. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து வருடங்கள் ஆயிற்று. பேச்சு சுவாரசியத்தில் இருட்டியது யாருக்கும் தெரியவில்லை. அக்கா இரண்டு மூன்று தடவை முழங்கையைச் சொறிந்தாள். கொசுவை அடிக்கவில்லை, ஊதிவிட்டாள்.

5

ஊருக்குப் போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். மறதியினால் இல்லை. வீட்டுக்கு வந்த சித்தப்பா மருமகள் மேசைமேல் மாத்திரை அட்டையைப் பார்த்து, "இது இன்னாத்துக்குக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வயிற்றுக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, அன்றைக்கே மாத்திரையைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் கேட்டபோதெல்லாம் "போட்டுக்கினுதான் இருக்கறேன்" என்றாள்.

கடித்த அன்றே ஜுரம் வராது. கிருமி ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டு, நிதானமாகப் பெருகி, பிறகுதான் இரத்தத்துக்கு வரும். ஊர் திரும்பிய பிறகும் மாத்திரை போடச் சொல்வது அதற்காகத்தான். சில வாரம் கழித்தும் வரலாம், சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகலாம்.

அக்காவுக்கு மூன்றாவது வாரத்தில் வந்தது.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாமாவிடமிருந்து போன்.

"உங்க அக்காவுக்கு நாலு நாளா ஜொரம்மா. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குது. டெங்குவா இருக்கும்னு பார்க்கறாங்க. தட்டணுக்கள் கொறைஞ்சிருக்குதாம். காலையிலேருந்து கொஞ்சம் உளர்றா. என்னையே யாருன்னு கேக்கறா."

பக்கத்தில் இருந்த ஜினு தலையை நிமிர்த்தினாள். "டெஸ்ட் பண்ணாங்களா?"

"மாமா, மலேரியா டெஸ்ட் எடுத்தாங்களா? டாக்டர்கிட்ட கம்பாலா போயிட்டு வந்தோம்னு சொன்னீங்களா?"

மாமா மெதுவாகச் சொன்னார். "டாக்டர் கேட்டாரும்மா, வெளியூரு எங்கனா போனீங்களான்னு. உங்க அக்கா முந்திக்கினு, பெங்களூருதான்னுட்டா. பக்கத்துப் படுக்கையில நம்ம ஆளுங்க இருந்தாங்க."

"இப்ப போய்ச் சொல்லுங்க மாமா!"

"பொண்ணு தலைமேல கை வச்சுச் சொல்லியிருக்கறாம்மா. நான் எப்படி... அதான் ஊசி போட்டிருக்குதே. இப்பதான் இங்க வீட்டுக்கு வீடு டெங்கு. காலையில பெரிய டாக்டர் வருவாரு, அவருகிட்ட பக்குவமா சொல்லிக்கலாம்."

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டார். டெங்கு பரவியிருக்கிற ஊரில் பெங்களூர் போய் வந்த அம்மாவுக்கு டெங்கு என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் மூளைக்கு ஏறிய மலேரியா காலைவரை காத்திருக்காது. இங்கே பதினாறு வருடத்தில் நான் இரண்டு சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட ஜுரங்கள். மாமாவிடம் கத்தினேன். அழுதேன். அவர் பதறிப்போய் "இரு, இரு" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நம்பருக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. பிரபாவுக்கு அடித்தேன். அவள் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆலையில் இன்ஜினியர். ஷிப்ட்டுக்குள் போனால் போனை வெளியே வைத்துவிட வேண்டும். அம்மாவுக்கு லேசான ஜுரம் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் ஜனத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. 'நயினார் சொந்தங்கள்.' சாவு, கல்யாணம், பூஜை, நெல் விலை, எல்லாம் அதில்தான். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதில் இருக்கிறார்கள். அதில் சொன்னால் நிமிடத்தில் யாராவது அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். அதில் சொன்னால் பிரபாவின் விஷயம் நிமிடத்தில் எல்லா ஊருக்கும் போய்விடும். சொந்தக்காரன் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு நிறையப் பேர் யோசனை சொன்னார்கள். மூன்று பேருக்கு அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காஞ்சிபுரத்தில் யார் போனை எடுக்கிறார்கள்?

குரல் பதிவு போட்டேன். "விமலா அக்கா பெங்களூர் போகலை. கம்பாலா வந்திருந்தாங்க, எங்கிட்ட. இது மலேரியாவா இருக்கும். பக்கத்துல யார் இருந்தாலும் உடனே காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர்கிட்ட உகாண்டான்னு சொல்லுங்க. உகாண்டா."

அனுப்பியதும் குரூப்பில் கேள்விகள் விழ ஆரம்பித்தன. கம்பாலாவா? எப்போ? எதுக்கு? எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்விகள். அதற்கு நடுவில் ஒரு குரல் வந்தது. ராஜுலா அம்மா. அவரும் அந்த குரூப்பில்தானே இருக்கிறார்.

"ஆமா, எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. பொண்ணு கேட்டு நாங்கதான் வரச்சொன்னோம். இருட்டற வரைக்கும் தோட்டத்துல உட்காரவச்சதும் நான்தான். அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல ரத்தம் எடுக்கச் சொல்லுங்கப்பா, யாருனா ஓடுங்க."

பள்ளி வேன் ஓட்டுகிற ஸ்ரீபால், எனக்குத் தம்பி முறை, சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடியிருக்கிறான். டாக்டரைக் கையோடு பிடித்து உகாண்டா என்று சொல்லியிருக்கிறான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இரத்தம் எடுக்கச் சொன்னாராம். கண்ணாடித் தகட்டில் பார்த்தால் கிருமி கூட்டம் கூட்டமாக. உடனே சென்னைக்கு அனுப்பி, நரம்பில் மருந்து ஏற்றி, தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். அக்காவுக்கு நினைவு தெளிந்ததும் பிரபாவிடமிருந்து எனக்கு ஒரு வரி வந்தது: "சித்தி, தேங்க்ஸ். ஆனா அம்மாகிட்ட இப்ப பேசாதீங்க."

7

அக்கா என்னோடு பேசவில்லை. பிழைத்தாள், வீட்டுக்கு வந்தாள், நெல் அளந்து போடுகிற அளவுக்குத் தேறினாள். என் போனை மட்டும் எடுக்கவில்லை. பிரபாவுக்கும் ஜீவாவுக்கும் நிச்சயம் ஆயிற்று; ராஜுலா அம்மா குரூப்பில் சொன்னதோடு அது பாதி முடிந்த மாதிரிதான். அந்த நிச்சயத்துக்கு எனக்கு அழைப்பு மாமாவிடமிருந்து வந்தது. "உங்க அக்கா பக்கத்துலதான் இருக்கறா" என்றார். பக்கத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எனக்கு வருத்தம்தான். உயிரைக் காப்பாற்றினேன் என்று ஊரே சொன்னது. ஆனால் பெண் தலைமேல் கை வைத்துக் கொடுத்த வாக்கை நான்தான் உடைத்தேன் என்பது அவளுடைய கோபம். வாக்குக்கு எங்கள் வீட்டில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாதா?

கல்யாணம் முடிந்தது. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, போகவில்லை. பெண்ணைக் குடித்தனம் வைக்க ஐந்து பேர் கம்பாலாவுக்கு வருவதாக முடிவாயிற்று. இரண்டு மாதம் முன்பு ஒரு சாயங்காலம், ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தபோது குரூப்பில் அக்கா குரல். அவள் அதில் பேசியதே கிடையாது. பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதோடு சரி.

"சாந்தி, உம்மேல கோவம் இன்னும் போகல. அது தனி. அஞ்சு பேரு வர்றோம். இன்னா மாத்திரை, எப்ப ஆரம்பிக்கணும், இன்னா தடவணும், எல்லாத்தையும் இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

மூன்று தடவை பேசி அழித்து, நான்காவது தடவை அனுப்பினேன். மஞ்சள் அட்டை மலேரியாவுக்கு இல்லை. மாத்திரை ஆளுக்கு ஆள் மாறும். கர்ப்பம், குழந்தை, வேறு மருந்து எல்லாவற்றையும் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒரு நாளும் விடாதீர்கள், திரும்பிப் போனதும் நிறுத்தாதீர்கள். மாத்திரை போட்டாலும் கொசு கடிக்கவிடாதீர்கள். இருட்டினால் முழுக்கை, களிம்பு, வலை. சாயங்காலத்துக்குப் பட்டு வேண்டாம், காட்டன் கட்டுங்கள்.

ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அத்தனை பேர் நடுவில் அதைச் சொன்னால் அக்காவைக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் என் பதிவுக்குக் கீழே அக்காவின் குரல் மறுபடி வந்தது. ஜினுவும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

"சாந்தி ஒண்ணு விட்டுட்டா. திரும்பி வந்து ஜொரம் வந்தா, அது எத்தினி மாசம் கழிச்சு வந்தாலும் சரி, டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே எந்த ஊருக்குப் போனோம்னு சொல்லிடுங்க. என்னை டாக்டர் கேட்டாரு. நான் சொல்லல."